ஒரு வாய் இறங்கும் வரை

ஏழு பேருக்கு முப்பத்தைந்து நிமிடத்தில் சோறு ஊட்டி முடித்துவிடுவாள் ஆராயி. வெண்ணந்தூருக்கும் ஆட்டையாம்பட்டிக்கும் நடுவே, தார்ச்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் அந்த முதியோர் இல்லத்தில் அவளளவுக்கு வேகமாக ஊட்டுகிறவர்கள் யாரும் கிடையாது. இல்லத்தை நடத்தும் தனசேகர், புதிதாக வேலைக்கு வருகிற பெண்களை முதல் நாள் அவளிடம்தான் கூட்டிவந்து நிறுத்துவார். "ஆராயி கையப் பாருங்க, அது போதும்" என்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு மனசு குளிரும். நாற்பத்தாறு வயதுக்குள் அவளை யாரும் எதற்காகவும் நாலு பேருக்குச் சுட்டிக்காட்டிப் பேசியதில்லை.

அந்த வேகம் அவளுக்குத் தறியில் வந்தது. பதின்மூன்று வயதில் விசைத்தறிப் பட்டறைக்குள் போனவள். ஒரே ஆள் ஆறு தறி பார்க்க வேண்டும். ஒன்றில் நூல் அறுந்து நின்றால் ஓடிப்போய் முடிச்சுப் போட்டு ஓடவிட வேண்டும், அது ஓடுகிற நேரத்தில் அடுத்ததைப் பார்க்க வேண்டும். முப்பது வருடம் அப்படி ஓடினாள். கல்யாணம் ஆனது, இனியா பிறந்தாள், புருஷன் ஒரு விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. மகளை ஜலகண்டாபுரத்தில் கட்டிக்கொடுத்த வருடமே பட்டறைக்காரர் தறிகளைப் பிரித்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் இல்லத்து வேலைக்கு வந்தாள்.

அங்கே இருந்த இருபத்துநாலு பேரில் பதினெட்டுப் பேர் மறதி நோய் முற்றியவர்கள். மகன் பெயர் மறந்து, ஊர் பெயர் மறந்து, கடைசியில் வாயில் வைத்த சோற்றை என்ன செய்ய வேண்டும் என்பதையும் மறந்துபோனவர்கள். சிலர் கன்னத்தில் அடக்கிவைத்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார்கள். சிலர் பல்லைக் கடித்துக்கொள்வார்கள். ஆராயி நாற்காலிகளை அரைவட்டமாகப் போடச் சொல்லி நடுவில் நின்றுகொள்வாள். ஒருவர் வாயில் வைத்துவிட்டு, அவர் மெல்லுகிற நேரத்தில் அடுத்தவர் பக்கம் திரும்புவாள். வாயைத் திறக்காதவர்களுக்கு இரண்டு விரலால் கன்னத்தை அமுக்குவாள். விழுங்காதவர்களுக்குத் தலையைப் பின்னால் சாய்த்து, மிக்சியில் அடித்த ரசம் சாதத்தை டம்ளரால் மெல்ல ஊற்றுவாள். இறங்கிவிடும். தட்டு காலியானால் வயிறு நிறைந்தது என்று அர்த்தம். அவளுக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள். வேறு விதமாகச் செய்து அவள் பார்த்ததும் இல்லை.

அவள் கொடுமைக்காரி என்று யாரும் சொல்ல முடியாது. தலை சீவிவிடுவாள், நகம் வெட்டிவிடுவாள், மூத்திரத்தில் நனைந்து கிடக்கிறவர்களை முகம் சுளிக்காமல் துடைத்துவிடுவாள். எல்லாரையும் விட அவள் அதிகம் பார்த்துக்கொண்டது காளியாத்தாளை. மல்லசமுத்திரம் பக்கத்துப் பண்ணையக்காரக் குடும்பம், எண்பத்திரண்டு வயது. ஒரே மகன் ஜெகதீஸ்வரன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருந்தார். வருடத்தில் எட்டு மாதம் வடக்கே எங்காவது இருப்பார். காளியாத்தாளுக்குப் பேச்சு ஏறக்குறைய நின்றுவிட்டது. ஆனால் ஆராயி பக்கத்தில் வந்தால் அவள் முந்தானையைப் பிடித்துச் சுருட்டிக் கையில் வைத்துக்கொள்வாள். பிடுங்கினால் அழுவாள். அதனால் ஆராயி மற்றவர்களுக்கு ஊட்டும்போதுகூட முந்தானையை அவள் கையில் கொடுத்துவிட்டு அந்த நீளத்துக்குள்ளேயே நகர்ந்து நகர்ந்து வேலை செய்வாள்.

ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் வேலைக்கு வரவில்லை. ஆராயி பங்குக்கு ஒன்பது பேர் வந்தார்கள். காளியாத்தாள் அன்றைக்கு வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தாள், விழுங்கவில்லை. ஆராயி தலையைச் சாய்த்து ஊற்றினாள். காளியாத்தாள் இருமினாள், கண்ணில் நீர் முட்டியது, முகம் சிவந்தது. ஆராயி உச்சந்தலையில் தட்டிவிட்டுத் தண்ணீர் கொடுத்தாள். அதற்கும் இருமினாள். அப்புறம் அவள் தொண்டையில் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல ஒரு சத்தம் கொழகொழவென்று வந்துகொண்டே இருந்தது. சளி கட்டியிருக்கும் என்று நினைத்து ஆராயி மிச்சத்தையும் ஊட்டி முடித்தாள். முந்தானையை அந்த விரல்களிலிருந்து பிரித்தெடுத்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போனாள்.

செவ்வாய்க்கிழமை காய்ச்சல். புதன்கிழமை சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். நுரையீரலில் சீழ் பிடித்திருக்கிறது, வயது இப்படி, பார்க்கலாம் என்றார்கள் அங்கே. ஒன்பதாம் நாள் காளியாத்தாள் இறந்துபோனாள். யாரும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. காரியம் முடிந்து பத்து நாளைக்குப் பிறகு ஜெகதீஸ்வரன் இல்லத்துக்கு வந்து, அம்மாவைப் பெற்ற மகள் போலப் பார்த்துக்கொண்டதற்காக என்று சொல்லி ஆராயிக்கு ஒரு சேலை கொடுத்துவிட்டுப் போனார். இளம்பச்சையில் அரக்குக் கரை. ஆராயி அதை வாங்கிக்கொண்டு அழுதாள். அப்போது அவள் அழுதது பிரிவுக்காக மட்டும்தான்.

அந்த வருடத்தில் அது மூன்றாவது நுரையீரல் சாவு. இல்லத்துக்கு வந்துபோகும் மருத்துவர் தனசேகரிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசினார் என்று கேள்வி. ஐப்பசி முதல் வாரத்தில், விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்குச் சிகிச்சை தருகிற சண்முகப்பிரியா என்ற பெண் சேலத்திலிருந்து வந்தார். காலை டீ முடிந்ததும் வேலைக்காரர்கள் அத்தனை பேரையும் கூடத்தில் உட்காரவைத்தார்கள். சோறு ஊட்டுவதற்கும் ஒரு படிப்பா என்று சுகன்யா ஆராயியின் காதில் முணுமுணுத்தாள். இருபத்தாறு வயதுப் பெண், போன வருடம் சேர்ந்தவள், ஆராயியிடம்தான் ஊட்டப் பழகினாள்.

சண்முகப்பிரியா பலகையில் ஒரு கழுத்தை வரைந்தார். இரண்டு குழாய், ஒன்று வயிற்றுக்கு, ஒன்று மூச்சுக்கு, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். நாம் விழுங்கும்போது மூச்சுக்குழாய் தானாக மூடிக்கொள்கிறது, இந்த நோய் முற்றினவர்களுக்கு அந்த மூடி நேரத்துக்கு மூடுவதில்லை என்றார். தலையைப் பின்னால் சாய்த்தால் மூச்சு வழி இன்னும் விரிந்து கொடுக்கும். தண்ணீரும் ரசமும் மிக வேகமாக ஓடும், கெட்டியான கூழ் மெதுவாகப் போகும். ஆகவே நிமிர்த்தி உட்காரவைத்து, முகவாய் லேசாகக் குனிந்திருக்கும்படி, நாமும் எதிரே அதே உயரத்துக்கு உட்கார்ந்து, ஒரு சின்ன ஸ்பூன் கொடுத்துவிட்டுத் தொண்டையின் முடிச்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்து, வாய் காலியானதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்தது. ஒரு ஆளுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று தனசேகர் கேட்டார். அரை மணி நேரம், சிலருக்கு முக்கால் மணி என்றார் அவர். தனசேகர் சிரிக்கப் பார்த்து, சிரிப்பு வராமல் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

அதன் பிறகு இரண்டு இரண்டு பேராகப் பிரித்தார்கள். ஒருவர் கண்ணைத் துணியால் கட்டி, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். இன்னொருவர், இத்தனை நாள் எப்படி ஊட்டினாரோ அப்படியே ஊட்ட வேண்டும், ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஆராயி உட்கார்ந்தாள். சுகன்யா ஊட்டினாள்.

முதலில் எதுவும் இல்லை. ஆட்கள் நடமாடுகிற சத்தம் மட்டும். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் உதட்டில் ஸ்பூன் இடித்தது. என்ன வருகிறது என்று தெரியாமல் அவள் வாயை மூடிக்கொண்டாள். இரண்டு விரல்கள் வந்து கன்னத்தை அமுக்கின. அவளே கற்றுக்கொடுத்த இடம், அதே அழுத்தம். வாய் தானாகத் திறந்தது. ரவைக் கஞ்சி நாக்குக்குப் பின்னால் போய் விழுந்தது. அதை விழுங்குவதற்குள் நெற்றியில் ஒரு கை பதிந்து தலையைப் பின்னால் தள்ளியது, அடுத்தது வந்து இறங்கியது. மூச்சு விடுவதா விழுங்குவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கைகளைத் தூக்கக் கூடாது என்பது மட்டும் நினைவிருந்தது. மடியில் கிடந்த தன் சேலையை இறுகப் பற்றிச் சுருட்டினாள். அந்தக் கணத்தில்தான் அவளுக்குக் காளியாத்தாள் முந்தானையைப் பிடித்த பிடி புரிந்தது. துணியைக் கண்ணிலிருந்து பிடுங்கிப் போட்டு இருமினாள். இருமி முடிந்து சுகன்யாவிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, அவள் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல வந்தது.

"இந்தக் குரலக் கேட்டுக்கோங்க" என்றார் சண்முகப்பிரியா, மற்றவர்களைப் பார்த்து. "இப்படிக் கொழகொழன்னு கேட்டா, உணவு தப்பான வழியில எறங்கியிருக்கலாம். உடனே ஊட்டறத நிறுத்திடணும். முன்னால குனிய வெச்சு இரும விடணும்."

"இருமுறப்ப தண்ணி குடுக்கலாமுங்களா மேடம்?" என்று ஆராயி கேட்டாள்.

"கூடவே கூடாது. அதுவும் உள்ளதான் போகும்."

"அப்படிப் போச்சுன்னா, காச்சல் எத்தன நாள்ல வருமுங்க?"

"ரெண்டு நாள், மூணு நாள்."

ஆராயி தலையாட்டிக்கொண்டாள். ஞாயிறு, திங்கள், செவ்வாய். சிரமப்பட்டு எண்ண வேண்டிய கணக்காக இல்லை அது. எழுந்து பின்பக்கம் போய்ப் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் வாயைக் கொப்பளித்தாள். திரும்பி வந்து கடைசி வரை உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். இந்த நோயின் கடைசிக் கட்டத்தில் எவ்வளவு கவனமாக ஊட்டினாலும் சிலருக்கு இப்படி ஆவது உண்டு, யாரும் தங்களைக் குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம் என்று சண்முகப்பிரியா முடிவில் சொன்னார். மற்ற பெண்கள் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ஆராயிக்கு அது கையில் நிற்கவில்லை. எவ்வளவு கவனமாக என்று சொன்னாரே, அந்தக் கவனத்தை அவள் எங்கே காட்டினாள்?

மறுநாளிலிருந்து ஆராயி சண்முகப்பிரியா சொன்னபடியே செய்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். இது சோறு சாமி, பருப்புச் சோறு, வாயத் தொறக்கறீங்களா என்று கேட்டுக் கேட்டு ஊட்டினாள். முதல் ஆளுக்கு முப்பத்தெட்டு நிமிடம் ஆயிற்று. இரண்டாவது ஆளுக்கு அதற்கு மேல். மூன்றாவது ஆளுக்குப் போகும்போது மணி ஒன்றரை, சோறு ஆறிப்போய்விட்டது, மீதி நாலு பேரில் ஒருவர் பசியில் மேசைத் துணியைச் சப்பிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு, ஒன்றரைக்குப் பாத்திரம் கழுவ வேண்டும், இரண்டு மணிக்குச் சமையல்காரி கிளம்பிவிடுவாள். பதினேழு பேருக்கு ஊட்ட நாலு பேர். சரியாக ஊட்டினால் பாதிப் பேர் பட்டினி, எல்லாருக்கும் ஊட்டினால் யாரோ ஒருவருக்கு மூச்சுக்குழாயில் சோறு. ஆராயி இந்த இரண்டுக்கும் நடுவில் வழி தேடித் தேடிப் பார்த்தாள். காலையில் ஒரு மணி நேரம் முன்னதாக வந்தாள், சாயங்காலம் கூடுதலாக இருந்தாள். அவளுடைய வாரவிடுமுறையிலும் வந்து நின்றாள். அப்போதும் போதவில்லை.

தனசேகர் கெட்டவர் இல்லை. அவரிடம் வேறு ஆளும் இல்லை. தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிப் பார்த்தார். மில்லில் உட்கார்ந்து சேலை மடித்தாலும் மடிப்போம், கிழங்களுக்குப் பீ அள்ள வரமாட்டோம் என்றார்கள். ஒருநாள் அவர் ஆராயியைக் கூப்பிட்டு, அந்த மேடம் சொன்னதெல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆகும், நமக்குப் பழைய மாதிரியே கொஞ்சம் பார்த்து ஊட்டு என்றார்.

சொன்னால் நம்பமாட்டார்கள், அவளுக்கே சோறு இறங்காமல் போனது. ஒரு வாய் வைத்தால் இரண்டு குழாயும் கண்முன் வந்து நிற்கும். இனியா போன் செய்து, ஏம்மா குரல் இப்படி இருக்கிறது என்று கேட்டபோது வெயில் என்றாள். ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்தது.

தீர்த்தகிரி என்று ஒரு பெரியவர் அவள் பங்கில் இருந்தார். முப்பத்தைந்து வருடம் லாரி ஓட்டியவர், எழுபத்தொன்பது வயது. ஓசூரில் வேலை பார்க்கும் மகள் மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பாள். ஒருநாள் மதியம் அவர் முறை கடைசியாக வந்தது. சமையல்காரி தட்டைக் கேட்டுக்கொண்டு பின்னால் நின்றாள். பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மா அழுதுகொண்டிருந்தாள். தீர்த்தகிரி வாயைத் திறக்கவில்லை. ஆராயி என்ன செய்கிறோம் என்று நினைக்கவே இல்லை. அவள் இடது கை தானாகப் போய் அவர் நெற்றியில் பதிந்தது, தலை சாய்ந்தது, வலது கை ஊற்றியது. அவர் இருமிய பிறகுதான் அவள் தன் கையைப் பார்த்தாள். அவரை முன்னால் குனியவைத்துப் பிடித்துக்கொண்டாள். இருமி இருமி எல்லாம் அவள் மடியிலேயே வந்து விழுந்தது. காய்ச்சல் வருகிறதா என்று மூன்று நாளும் மணிக்கொருமுறை நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் ஸ்பூனைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொண்டார். தண்ணீரை மட்டும் துணியில் நனைத்துக் கொடுத்தால் சப்புவார். மகளுக்குச் சொன்னார்கள். மூக்கு வழியாகக் குழாய் போடுவதா வேண்டாமா என்று போனிலேயே பேச்சு நடந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஆராயி இல்லத்திலிருந்து நேராக வீட்டுக்குப் போய், அந்தச் சேலையை எடுத்து மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு மல்லசமுத்திரம் பஸ் ஏறினாள். ஜெகதீஸ்வரன் மழைக்காலம் என்பதால் ஊரில்தான் இருந்தார். தோட்டத்து வீட்டு வாசலில் இரண்டு ரிக் வண்டிகள் தார்ப்பாய் போர்த்தி நின்றன. அவர் அவளைக் கண்டதும் எழுந்து வந்து, வாங்க அம்மிணி, உள்ள வாங்க என்று கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார். அவர் மனைவி டீ போட உள்ளே போனாள். ஆராயி உட்காரவில்லை. பையை அவர் முன்னால் நாற்காலியில் வைத்தாள்.

"இது எனக்கு ஆகாதுங்கண்ணா. உங்கம்மாள நாந்தானுங்க கொன்னுபோட்டேன்."

அவர் ஒன்றும் புரியாமல் பார்த்தார். அவள் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அந்த ஞாயிற்றுக்கிழமை, ரசம், தலையைச் சாய்த்தது, தண்ணீர் கொடுத்தது, அந்தக் குரல், மிச்சத்தையும் ஊட்டியது. வந்த மேடம் சொன்னது. போலீசில் சொல்கிறீர்களா, இல்லை என்னை நாலு அடி அடிக்கிறீர்களா, எது செய்தாலும் சரி என்றாள். திட்டுவார் என்றுதான் எதிர்பார்த்து வந்தாள். பஸ்ஸில் வரும்போது, திட்டி முடித்தால் ஒருவேளை தொண்டை திறக்கும் என்றுகூட நினைத்திருந்தாள்.

ஜெகதீஸ்வரன் பைக்குள்ளிருந்த சேலையைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"தலைய மேல தூக்கி ஊத்துனா தப்புங்களா?"

"ஆமாங்கண்ணா."

"நானும் அப்படித்தானுங்க ஊத்துவேன். இங்க ஊட்டுல இருந்தப்ப, ரெண்டு வருசம். இருமும். இருமுனா, வேணும்னே பண்ணுதுன்னு ஒருக்கா கன்னத்துலயே அடிச்சுப்போட்டேன்." அவர் குரல் உடையவில்லை, தட்டையாகவே இருந்தது. "அங்க கொண்டாந்து உட்டா சரியாப் பாப்பாங்கன்னு, அதுக்குத்தான் உங்ககிட்ட உட்டேன். வயசாச்சு, நோவு, போய்ச் சேந்துட்டான்னு ரெண்டு மாசமா எப்படியோ தூங்கிட்டு இருந்தனுங்க. இத எதுக்குங்க அம்மிணி வந்து எங்கிட்டச் சொன்னீங்க?"

அவள் பையை அவர் பக்கமாக இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்.

"சேலைய எடுத்துட்டுப் போயிருங்க. இங்க வெச்சுப் போனீங்கன்னா நான் அத தினமும் பாக்கோணும்."

உள்ளேயிருந்து டீயோடு வந்த மனைவி இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். ஆராயி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. பாரத்தை இறக்கிவைக்கப் போனவள், அதில் பாதியை எடுத்து இன்னொருவர் நெஞ்சில் வைத்துவிட்டு வந்திருக்கிறாள். அவளுடையது கொஞ்சமும் குறையவில்லை. சேலையை அவள் பெட்டியின் அடியில் போட்டாள். கட்டவும் இல்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை.

மறுநாள் மதியம் தீர்த்தகிரியின் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். குழைத்த சாதத்தை நீட்டினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னொருமுறை நீட்டக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை. முந்தின நாள் காலையிலிருந்து அவளும் ஒன்றும் தின்றிருக்கவில்லை. வேலைக்காரர்கள் கூடத்தில் சாப்பிடக் கூடாது என்பது இல்லத்து விதி. அவள் தன் டிபன் டப்பாவை எடுத்து அவருக்கு எதிரே மேசையிலேயே வைத்துத் திறந்தாள். விதியை மீறுகிறோம் என்ற நினைப்பெல்லாம் இல்லை. மயங்கி விழுந்துவிடக் கூடாதே என்றுதான். தக்காளிச் சாதம். ஒரு வாய் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, விழுங்க முடியுமா என்று பார்த்தாள். மெதுவாக இறங்கியது.

கண்ணைத் திறந்தபோது தீர்த்தகிரி அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இன்னொரு வாய் எடுத்தாள். அவருடைய கை மடியிலிருந்து எழுந்து, மேசை மேல் தடுமாறித் தட்டைத் தேடியது. அவள் தட்டை அவர் விரலுக்கு நகர்த்தினாள். அவர் குழைந்த சாதத்தை நாலு விரலால் அள்ளினார், பாதி கீழே சிந்தியது, மீதியை வாயில் வைத்தார். முகவாய் தானாகக் குனிந்திருந்தது. தொண்டை முடிச்சு ஏறி இறங்குவதை அவள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள்.

"சாப்புடு, சாப்புடு. லோடு எறக்கோணும்" என்றார் அவர். நான்கு மாதத்தில் அவர் பேசிய முதல் பேச்சு அது.

"ஆமாங்க சாமி, எறக்கோணுமுங்க" என்றாள் ஆராயி. அவளுக்கு அழுகை வந்தது, அழுதால் அவர் நிறுத்திவிடுவாரோ என்ற பயத்தில் சாதத்தை வாய் நிறைய வைத்துக்கொண்டாள். அன்று அவர் ஏழு வாய் சாப்பிட்டார். சாயங்காலம் மகள் போனில் சொன்னாள், அப்பா வண்டியில் போன காலத்தில் கிளீனர் எதிரே உட்காராமல் ஒருநாளும் சாப்பிட்டதில்லை, வீட்டிலும் அம்மா கூட உட்கார்ந்தால்தான் தட்டில் கை வைப்பார் என்று. இத்தனை நாள் அதை யாரும் அவளிடம் கேட்கவில்லை.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. தனசேகர் விதியைத் தளர்த்தினார், சாப்பாட்டை இரண்டு பந்தியாகப் பிரித்தார், சமையல்காரியின் நேரத்தை மாற்றினார், பார்க்க வருகிற பிள்ளைகள் மதிய நேரத்தில் வந்து ஒருவேளை ஊட்டலாம் என்று எழுதி ஒட்டினார். நாலைந்து குடும்பங்கள் வந்தன. ரசத்தை மிக்சியில் அடிப்பது நின்றது. ஆராயி இப்போது மூன்று பேருக்குத்தான் ஊட்டினாள். மற்ற பெண்கள் தங்கள் தலையில் வேலையைக் கட்டிவிட்டாள் என்று அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சுகன்யா மட்டும் பேசினாள். தீர்த்தகிரி ஐந்து வாரம் சாப்பிட்டார், நாலு வாய், ஆறு வாய், சில நாள் ஒன்றும் இல்லை. மார்கழியில் எதிரே யார் உட்கார்ந்து தின்றாலும் அவர் கை எழவில்லை. சண்முகப்பிரியாவுக்குப் போன் செய்து என்ன செய்வது என்று ஆராயி கேட்டாள். உடம்பு வேண்டாம் என்கிறது ஆராயி, இனிமேல் வற்புறுத்தாதீர்கள், உதட்டை ஈரமாக வைத்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள் என்றார் அவர். மகள் குழாய் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். ஆராயி பக்கத்தில் இருந்தாள். ஊட்டாமல் சும்மா உட்கார்ந்திருப்பது, ஊட்டுவதை விடக் கடினமாக இருந்தது. பன்னிரண்டாம் நாள் மதியம் அவர் போனார். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. அவள் நெஞ்சுக்கு அது ஆறுதலாக இருக்கும் என்று சுகன்யா நினைத்தாள். ஆராயி அன்றும் காளியாத்தாளைத்தான் நினைத்தாள்.

தை மாதக் கடைசியில் சண்முகப்பிரியா மறுபடியும் வந்தார். ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து தனசேகர் எப்படியோ மூன்று புதுப் பெண்களைக் கூட்டிவந்திருந்தார். கழுத்துப் படம் வரைந்து முடித்த பிறகு சண்முகப்பிரியா ஆராயியிடம், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள், தீர்த்தகிரி ஐயா சாப்பிட்ட கதையைச் சொன்னால் இவர்களுக்கு நம்பிக்கை வரும் என்றார்.

ஆராயி எழுந்து நின்றாள். தனசேகர் வாசல்படியில் சாய்ந்து நின்றிருந்தார். தீர்த்தகிரியைப் பற்றிப் பேசத்தான் அவள் எழுந்தாள். வாயில் வந்தது வேறு.

"என் பேரு ஆராயிங்க. நான் ஏழு பேருக்கு முப்பத்தஞ்சு நிமிசத்துல ஊட்டுவேன். அப்படி ஊட்டுனதுல ஒரு ஆத்தா செத்துப்போச்சு. காளியாத்தான்னு பேரு. என் முந்தானையப் புடிச்சுட்டேதான் இருந்துச்சு."

தனசேகர் ஒரு அடி முன்னால் வந்தார், சண்முகப்பிரியா கையைக் காட்டி நிறுத்தினார். ஆராயி அந்த ஞாயிற்றுக்கிழமையை முதலிலிருந்து கடைசி வரை சொன்னாள், ஜெகதீஸ்வரன் வீட்டுக்குப் போனதை மட்டும் சொல்லவில்லை. அது அவருடையது. பிறகு அந்த மூன்று பெண்களில் ஒருத்தியை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணைக் கட்டி, கன்னத்தில் இரண்டு விரலை வைத்து, இப்படி அமுக்குவேன் என்று காட்டினாள். உடனே கையை எடுத்துவிட்டு அவள் முன்னால் கீழே உட்கார்ந்து, பயப்படாத கண்ணு, ஒன்னும் இல்ல, கட்ட அவுத்துக்கோ என்றாள்.

மறுநாள் இரண்டு பெண்கள் வேலைக்கு வரவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடியும் முன்பே ஊருக்குப் போய்விட்டார்கள். தனசேகர் ஆராயியைக் கூப்பிட்டு, அவருக்கு வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். அன்றைக்கும் பதினாறு பேருக்கு ஊட்ட வேண்டும், ஆள் ஐந்து பேர்தான். பன்னிரண்டு மணிக்கு மூன்றாவது பெண், நேற்றுக் கண்ணைக் கட்டிக்கொண்டவள், கையில் தட்டோடு வந்து, யாருக்குங்க அக்கா முதல்ல என்று கேட்டாள். ஆராயி முதல் நாற்காலிக்கு எதிரே கிடந்த ஸ்டூலைக் காட்டினாள்.